இரட்சிக்கப்பட்ட தேதி இருக்கு, அப்புறம்?

கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வரும் மணமாலை விளம்பரங்களை நான் விடாமல் படிப்பவன். எனக்கு யாருக்கும் வரன் பார்க்கிற வேலை இல்லை. நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொடுக்கிற நேர்மையான வாக்குமூலம் அந்தப் பக்கத்தில்தான் கிடைக்கிறது என்பது என் எண்ணம். பெரும்பாலும் இப்படி இருக்கும்: வயது 29, உயரம் 5.8 அடி, பி.இ., கைநிறையச் சம்பளம், இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் பெற்றவர், நல்ல ஜெபவீரர். அதே பிரிவில், இரட்சிக்கப்பட்ட, வேலைக்குப் போகும் மணமகள் தேவை.

"அதே பிரிவு" என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை, அது பழைய கதை. படிப்புக்கும் சாதிக்கும் நடுவில், ஒரு காற்புள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இடிபடாமல், "இரட்சிக்கப்பட்டவர்" என்பது எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். வாங்கி ஃபைலில் போட்டு வைத்த டிகிரி மாதிரி அதுவும் ஒரு தகுதி ஆகிவிட்டது. ஒரு தடவை வாங்கியாயிற்று, யாரும் திரும்ப வாங்கிப் பார்க்கப்போவதில்லை.

இந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் பேச ஆசை. பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சபைகளில் புதிதாக யாரையாவது சந்தித்தால் பத்து நிமிஷத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" பதில் தயாராக இருக்கும். எந்த வருஷம், எந்த ஊர் கன்வென்ஷன், எந்த ஊழியக்காரர் பேசினார், எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணீர் வந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் கவனித்துப் பாருங்கள். நாற்பது வயதுக்காரர் இருபது வயதில் நடந்ததைச் சொல்லுவார். அறுபதிலும் அதையேதான் சொல்லுவார். நடுவில் போன வருஷங்களில் ஆண்டவர் இவரிடம் ஒன்றுமே பேசவில்லையா என்று கேட்கத் தோன்றும். மரியாதைக்காகக் கேட்கமாட்டோம்.

தேதி சொல்வதை நான் கிண்டல் செய்யவில்லை. நிச்சயமாக அப்படிப்பட்ட நாள் பலருக்கு இருக்கிறது, என் வீட்டிலேயே இருக்கிறது. இரட்சிப்பின் நிச்சயம் என்பது வேதத்தில் உள்ள விஷயம்தான். ரோமர் 8-ஆம் அதிகாரத்தைத் துக்க வீட்டில் வாசிக்கும்போது அழுதுகொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது வேறு: தேதி இருக்கு, சரி. அப்புறம்?

தேதிக்குப் பேர்போன ஒருவரையே எடுத்துக்கொள்வோம். ஜான் வெஸ்லி. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லிக்கு நெஞ்சுக்குள் இனம்புரியாத ஒரு அனல். நம் பிரசங்கங்களில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. கடிகாரம் காட்டிய நேரம் உட்பட நமக்கு மனப்பாடம்.

அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி அவர் என்ன செய்தார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு அவர் எழுதி வைத்தது, சின்னச் சின்னக் குழுக்களுக்கான விதிமுறைகள். வாரம் ஒரு முறை கூட வேண்டும். கூடும்போது ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்: போன தடவை பார்த்ததற்கு அப்புறம் தெரிந்தே செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பித்தாய்? சேர வருகிறவரிடம் முதலிலேயே இன்னொன்றும் கேட்கச் சொன்னார்: உன் குறையை உன் முகத்துக்கு நேராக, ஒளிவுமறைவில்லாமல் நாங்கள் சொல்லலாமா, அதற்குச் சம்மதமா?

அனுபவம் கிடைத்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தன் நெஞ்சில் பட்ட அனலை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் போதாது, வாராவாரம் அடுத்தவன் வந்து என்னைக் கிளற வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. நாம் மே மாதத்தை வைத்துக்கொண்டோம், டிசம்பரை விட்டுவிட்டோம்.

விட்டது அது மட்டுமா? புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் குவித்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று. உன்னை ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், தலையாக்குவேன், எல்லாமே அருமையான வசனங்கள்தான். இத்தனை வருஷத்தில் யாராவது ஒருவர் கையிலாவது வெளிப்படுத்தல் 3:17 வந்திருக்கிறதா? ஐசுவரியம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த லவோதிக்கேயா சபையைப் பார்த்து, நீ எவ்வளவு பரிதாபமானவன் என்று உனக்கே தெரியவில்லையே என்று ஆண்டவர் சொல்லும் வசனம் அது. அதை யாரும் அச்சடிக்கமாட்டார்கள். அச்சடித்தாலும் எடுத்தவர் அட்டையைத் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார்.

சரி, நாம் சுத்தமாக நம்மைச் சோதித்துப் பார்ப்பதே இல்லையா என்றால், பார்க்கிறோம். திருவிருந்து ஞாயிறு வந்தால் பார்க்கிறோம். எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்த பிறகே பந்திக்கு வரவேண்டும் என்பது 1 கொரிந்தியர் 11:28-இல் பவுல் சொன்னது. அதனால் சனிக்கிழமை ராத்திரியே வீட்டில் ஒரு அமைதி வந்துவிடும். டிவி ஓடாது. சிலர் காலையில் காபிகூடக் குடிக்கமாட்டார்கள். கண்ணை மூடி, கெட்ட எண்ணம், கோபம், பொய் என்று ஒவ்வொன்றாக நினைத்து அறிக்கை செய்வோம். மனசு லேசாகும். போய் வாங்குவோம்.

இது எதை ஞாபகப்படுத்துகிறது தெரியுமா? நாளைக்குச் சுகர் டெஸ்ட் என்றால் இன்றைக்கு ராத்திரி மட்டும் இனிப்பைத் தொடாமல் இருப்பதை. வெறும் வயிற்று ரத்தத்தில் நம்பர் அழகாகவே வரும். டாக்டர் அதோடு விடமாட்டார், மூன்று மாதச் சராசரி காட்டும் இன்னொரு டெஸ்ட்டையும் எழுதிக்கொடுப்பார். அங்கேதான் குட்டு உடையும்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிக்கொடுத்தது அந்த இரண்டாவது டெஸ்ட். 28-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காமல் 17-இலிருந்து வாசித்தால் தெரியும். பிரச்சினை, யாரோ ஒருவருடைய மனசுக்குள் ஓடிய கெட்ட எண்ணம் இல்லை. சாப்பாடு.

கொரிந்து, பழைய நகரத்தை ரோமர் அழித்த பிறகு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் ஆணைப்படி மறுபடி குடியேற்றப்பட்ட ஊர். இரண்டு பக்கமும் துறைமுகம், கையில் காசு புழங்கும் இடம். விடுதலை பெற்ற அடிமைகள், வியாபாரிகள், கூலிக்காரர்கள், இன்னும் விடுதலை ஆகாத அடிமைகள் எல்லாரும் கலந்த சபை. பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கி உண்டாக்கிய சபை அது. அப்போது சபைக்குக் கட்டடம் கிடையாது, வசதியானவர் வீட்டில்தான் கூடுகை. ரோமப் பாணி வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மஞ்சம், மஞ்சத்துக்கு மூன்று பேராக ஒன்பது பேர் சாயலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். நேரத்தோடு வர முடிந்தவன் முதலாளி. அவன் வந்தான், கொண்டுவந்ததைச் சாப்பிட்டான், குடித்தான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்து வந்தவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒருவன் பசியோடு நிற்கிறான், ஒருவன் வெறித்துக் கிடக்கிறான். அதற்குப் பேர் கர்த்தருடைய பந்தி.

இதைப் பார்த்துத்தான் பவுலுக்குக் கோபம் வருகிறது. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே, தேவனுடைய சபையை அசட்டை பண்ணுகிறீர்களே என்று கேட்கிறார். இந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் "உன்னைச் சோதித்துப் பார்" வருகிறது. அதிகாரத்தை எப்படி முடிக்கிறார்? சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று. ஆக, கொரிந்துக்காரன் தன்னைச் சோதிக்கக் கண்ணை மூட வேண்டியிருந்திருக்காது. கண்ணைத் திறந்து, முற்றத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருந்தால் போதும்.

நம் ஊருக்கு வருவோம். தமிழனுக்கு ஆத்தும பரிசோதனை ஒன்றும் புதுசு இல்லை. தமிழில் முதல் முதலாக அச்சேறிய சில புத்தகங்களில் ஒன்றே இதற்கான கைநூல்தான். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட அதே அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக 1580-இல் கொச்சியில் ஒரு நூல் அச்சிட்டார். பெயர் கொம்பெசியோனாயரு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவரை ஆயத்தப்படுத்தும் நூல். கம்பராமாயணமும் திருக்குறளும் அச்சில் வர இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்த காலத்தில், உன் பாவத்தை நீயே எண்ணிப் பார் என்று சொல்லும் புத்தகம் தமிழன் கைக்கு வந்துவிட்டது.

அத்தனை பழக்கம் நமக்கு. ஆனாலும் நடந்தது என்ன?

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துக்குப் போனவர்கள் அந்தக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அங்கே 1872-இல் கட்டி முடித்த பரலோக மாதா ஆலயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மக்கள் உட்காரும் பகுதி ஒன்றாக இல்லாமல் இரண்டு கையாக விரிந்து, பீடத்தில் வந்து சேரும். கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் சேருமே, அந்த அமைப்பு. ஒரு கையில் வேளாளர், மறு கையில் நாடாரும் மற்றவர்களும். நடுவில் சுவர். இரண்டு பக்கமும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒரே பூசையைக் காணலாம், ஒருவரை ஒருவர் மட்டும் பார்க்கவேண்டியதில்லை. இதை ஒரு கொத்தனார் கைதவறிக் கட்டவில்லை. யோசித்து, வரைபடம் போட்டு, பணம் திரட்டிக் கட்டினார்கள். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டபோது, எங்கள் தனி இடம் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அந்தக் கோரிக்கை தோற்றது.

கத்தோலிக்கர் கதை என்று புராட்டஸ்டண்டுகள் யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஏன் அனுப்ப வேண்டி வந்தது? இருக்கை தனி, திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதில் சாதி வரிசை. அறிக்கை வந்ததும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். கீர்த்தனைகளால் நம் நாவில் இன்றும் வாழ்கிற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதியை நீக்கும் மிஷனரிகளின் முயற்சியை எதிர்த்து எழுதியவர்.

இவர்களை வேஷக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. தள்ளிவிட்டால் நமக்கு வசதி, அவ்வளவுதான். சுவரின் இரண்டு பக்கமும் முழங்கால் போட்டவர்கள் உண்மையாகவே ஜெபித்திருப்பார்கள். நற்கருணைக்கு முன்னால் மனசைத் துருவிப் பார்த்திருப்பார்கள். பொய் சொன்னேனா, இச்சித்தேனா, ஓய்வுநாளை அனுசரித்தேனா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சுவர் தெரியாது. அதுவே அதிலுள்ள ஆபத்து. சோதிக்கப்படுபவனும் நான், சோதிக்கிறவனும் நான், கேள்வித்தாளும் நான் எழுதியது என்றால் முடிவு தெரிந்ததுதானே?

ஜான் பனியன் 1678-இல் எழுதிய மோட்சப் பிரயாணத்தின் கடைசிப் பக்கத்தில் இதற்கு ஒரு பயங்கரமான காட்சி இருக்கிறது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் இந்தக் கதையைத் தழுவியதுதான். பனியனின் கதையில் அறியாமை என்று ஒரு பாத்திரம். வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வருவான். உனக்கு எப்படி இவ்வளவு நிச்சயம் என்று கேட்டால், என் இருதயம் சொல்கிறது என்பான். கடைசி நதியைக் கடக்க மற்றவர்கள் மூச்சுத் திணறும்போது, இவனை மட்டும் வீண் நம்பிக்கை என்ற படகோட்டி அலுங்காமல் அக்கரை சேர்த்துவிடுவான். நேரே பரலோக வாசலில் போய்க் கதவைத் தட்டுவான். சீட்டு எங்கே என்று கேட்பார்கள். மடியைத் துழாவுவான், இருக்காது. கை கால் கட்டி, அங்கிருந்தே நரகத்துக்குக் கொண்டுபோவார்கள். நல்ல கதையை இப்படி முடிக்க ஒரு துணிச்சல் வேண்டும். இருதயத்தையே சாட்சிக் கூண்டிலும் நீதிபதி நாற்காலியிலும் உட்காரவைத்தவனுக்கு இந்தக் கதிதான் என்று பனியன் நினைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் வேறொரு கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்ததும் சிலருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் அழைப்பு கொடுக்கும்போது மறுபடி மறுபடி எழுந்து முன்னால் போகிறவர்கள், நான் மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டேனோ என்று தூக்கம் கெட்டவர்கள். இந்தப் பதிவு உங்களுக்கானது இல்லை. பனியனே பல வருஷம் அப்படித் தவித்தவர், 1666-இல் எழுதிய தன்வரலாற்றில் அதையெல்லாம் கொட்டியிருக்கிறார். பயந்துகொண்டிருப்பவனை இன்னும் பயமுறுத்துவது ஊழியம் இல்லை. நீங்கள் உள்ளே பார்த்தது போதும், கொஞ்ச நாளைக்குச் சிலுவையைப் பாருங்கள். நான் பேசுவது, தூக்கமே கெடாத என்னைப் போன்றவர்களிடம்.

"அப்ப கிரியையினால இரட்சிப்புன்னு சொல்ல வர்றீங்களா?" என்று ஒரு நண்பர் இதைப் பேசும்போதெல்லாம் மடக்குவார். எபேசியர் 2:8, 9 உடனே வரும், கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியையினால் இல்லை. ஆமென். ஞாயிறு பள்ளியில் நமக்கு மனப்பாட வசனமாகக் கொடுத்தது அந்த இரண்டும். பத்தாம் வசனத்தை யாரும் கொடுக்கவில்லை. நற்கிரியைகள் செய்வதற்காகவே உண்டாக்கப்பட்டோம் என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார் பவுல். வசனம் தொடர்ந்து போகிறது, நாம்தான் பரிசு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

சகேயு கதையிலும் இதே கத்தரிக்கோல். குள்ளமான மனுஷன், காட்டத்தி மரம், ஏறு, இறங்கு, பிள்ளைகள் நடித்துக் காட்டும்போது எவ்வளவு அழகு! மரத்தோடு கதை முடிந்துவிடும். லூக்கா 19-ஐ வாசித்தால் கதையின் உச்சம் அவன் எழுந்து நின்று பேசும் இடம். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன். அதைக் கேட்ட பிறகுதான் இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. சகேயுவுக்கும் தேதி உண்டு. அந்தத் தேதியில் எரிகோவில் எத்தனை வீட்டுக்குப் பணம் திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் இரட்சிக்கப்பட்டதை அவன் சாட்சி சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற நிலைமையே இருந்திருக்காது.

நாம் இரட்சிக்கப்பட்டது நம்மைச் சுற்றி யாருக்குத் தெரியும்? மனைவிக்கு? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு? அவருக்கு முதல் தேதி சம்பளம் போகிறதா, அவர் காபி குடிக்கும் டம்ளர் நம் டம்ளரோடு ஒன்றாகக் கவிழ்கிறதா, இல்லை ஜன்னல் ஓரத்தில் தனியாக இருக்கிறதா? பாகப்பிரிவினையில் மனஸ்தாபமாகி, ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் வாங்கிவிட்டு வேறு வேறு வாசல் வழியாக வெளியேறும் அண்ணன் தம்பிகள் இல்லாத சபை உண்டா? டயோசிஸ் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடாத ஊர் உண்டா? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் தனித்தனி. உயிர்த்தெழுதலை விசுவாசித்து அடக்கம் பண்ணுகிறோம், எழுந்திருக்கும்போதுகூட அவர்களோடு சேர்ந்து எழக்கூடாது என்கிற மாதிரி வேலி போட்டு வைத்திருக்கிறோம்.

மத்தேயு 25-இல் கடைசி நாள் நியாயத்தீர்ப்பைச் சொல்லும்போது ஒரு விஷயம் என்னை எப்போதும் உறுத்தும். வலது பக்கம் நிற்கிறவர்களுக்கும் ஆச்சரியம், இடது பக்கம் நிற்கிறவர்களுக்கும் ஆச்சரியம். எப்போது ஆண்டவரே உம்மைப் பசியாகப் பார்த்தோம் என்று இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. தன்னைப் பற்றித் தான் போட்டு வைத்த மார்க் அங்கே யாருக்கும் சரியாக இல்லை. சரியான மார்க் பசித்தவனிடமும் ஜெயிலில் இருந்தவனிடமும் இருந்திருக்கிறது.

அதனால் என் யோசனை எளிது. அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, வழக்கம்போலக் கண்ணை மூடி ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளிடம் போய் நில்லுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவரிடம் போகாதீர்கள், அவர் நல்லபடியாகத்தான் சொல்லுவார். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர், உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், உங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வராதவர், இவர்களில் ஒருவர். போய்க் கேளுங்கள்: "என்கிட்ட இருந்து உங்களுக்கு வர வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா?" காசாக இருக்கலாம், ஒரு மன்னிப்பாக இருக்கலாம், உள்ளே வந்து உட்காருங்க என்கிற ஒரு வார்த்தையாக இருக்கலாம். சும்மா கேட்டுவிட்டு வந்துவிடாமல் கொடுத்து முடியுங்கள். முடிக்க நேரமானால் இந்தத் தடவை பந்திக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. காணிக்கையைப் பீடத்தண்டையிலேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர், அடுத்த மாதம் வரை உங்களுக்காகக் காத்திருப்பார்.